வேகம் பார்க்காமல் எழுதிய ரிப்போர்ட்

3 மார்ச் 2009
உத்தமபாளையம் ஆபீஸில் இன்டர்நெட் லைன்களை இணைக்கும் புது ஸ்விட்ச் மாட்டினேன். ஓடைப்பட்டிக்குப் போகும் ஃபைபர் கேபிளுக்கு, அதில் வரும் வெளிச்சத்தைச் சிக்னலாக மாற்றும் விரல் நீள மாட்யூலைச் சொருகியும் லிங்க் விளக்கு எரியவில்லை. அந்த முனையில் ஒச்சாண்டி, எங்கள் கேபிள் ஜாயின்ட் போடுகிறவர். "வெளிச்சம் நல்லா வருது மேடம். மீட்டர் வச்சுப் பாத்துட்டேன். உங்க பக்கம் பாருங்க" என்றார் போனில். என் பக்கம் எல்லாமே புதுசு. எதைப் பார்க்க?

4 மார்ச்
இன்றும் எரியவில்லை. ஓடைப்பட்டி முழுக்க இன்டர்நெட் இல்லை. மேனேஜர் வைகுண்டராஜ் சார் சாயங்காலத்துக்குள் காரணம் எழுதித் தரச் சொன்னார். 'ஜாயின்ட் சரியில்லை' என்று எழுதினேன். வேறென்ன எழுத?

7 மார்ச்
மதுரையிலிருந்து வேறு ஆள் வந்து ஜாயின்டை வெட்டிப் புதிதாகப் போட்டார். கையோடு கொண்டுவந்த மாட்யூல்களை இரண்டு முனையிலும் மாட்டினார். உடனே எரிந்தது. ஒச்சாண்டியை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

16 மார்ச்
என் முனையில் கழற்றிய மாட்யூலைக் கம்பம் ஸ்விட்ச்சில் மாட்டினேன். அங்கேயும் எரியவில்லை. வெளியே இழுத்து லேபிளைப் படித்தேன். 155 மெகாபிட். வேண்டியது 1.25 ஜிகாபிட். இரண்டும் ஒரே அளவு, ஒரே துளையில் உட்காரும். வேகம் மட்டும் எட்டில் ஒரு பங்கு. ஒச்சாண்டி சொன்ன வெளிச்சம் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. என் மாட்யூலால் அந்த வேகத்தைப் பிடிக்க முடியவில்லை.

நான்தான். நான் லேபிளப் பாக்கல.

17 மார்ச்
யாருக்கும் தெரியாது. தெரியாமலே போகட்டுமே?

19 மார்ச்
சாரிடம் சொல்லிவிட்டேன். மாட்யூலை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "லிங்க் ஓடுதுல்ல? முடிஞ்சதக் கிளறாதீங்கம்மா. உங்க வேலைக்குத்தான் ஆபத்து."

20 மார்ச்
மயிலாடும்பாறை போனேன். ஒச்சாண்டி வீட்டுக்குள் இருந்தார்; வெளியே வரவில்லை. அவர் மனைவி ஜக்கம்மா வாசலை மறித்து நின்றார். "அவுக வரமாட்டாக. ரெண்டு எடத்துல வேலை கேட்டாக. நீங்க எழுதுனது அங்கனயும் போயிருக்கு. எங்ககிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? எழுதுன எடத்துல சொல்லுங்க."

திரும்பும் பஸ்ஸில் ஆண்டிபட்டி வரை நின்றுகொண்டே வந்தேன். இடம் இருந்தது.

23 மார்ச்
புது ரிப்போர்ட் எழுதினேன். மாட்யூலின் வேகம் பொருந்தவில்லை, ஜாயின்டில் குறையில்லை, தவறு என்னுடையது. சாருக்கு ஒன்று, ஹெட் ஆபீசுக்கு ஒன்று. இரண்டையும் அனுப்பிவிட்டேன்.

2 ஏப்ரல்
ஹெட் ஆபீசிலிருந்து எனக்கு எச்சரிக்கை மெமோ வந்தது. வேலை போகவில்லை. ஒச்சாண்டியைப் பற்றி ஒரு வரி இல்லை. சாரிடம் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார்.

9 ஏப்ரல்
மறுபடி கேட்டேன். சார் போனை எடுத்து வேறு யாரிடமோ பேச ஆரம்பித்தார்.

21 ஏப்ரல்
ஹெட் ஆபீஸ் திரும்பக் கூப்பிட்டதாம்; ஒச்சாண்டி இன்று வேலைக்கு வந்தார். கம்பத்தில் ஒரு புது லைன். வணக்கம் சொன்னேன். தலையை மட்டும் அசைத்தார். ஃபைபரைத் தொடுமுன், "ரெண்டு முனை மாட்யூலும் என்ன வேகம்? வாசிங்க மேடம்" என்றார். வாசித்தேன். 1.25. 1.25. சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அதை என்னிடம் நீட்டினார்.

"கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். தேதியையும் போடச் சொன்னார். அதற்குப் பிறகுதான் வேலையைத் தொடங்கினார்.