ஆடிக்கு முன் ஒரு கையெழுத்து

கும்மிடிப்பூண்டி
18-6-1972, ஞாயிறு

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

செங்கல்வராயன் வணக்கம். நானும் செல்லியும் இங்கே சௌக்கியம். கரக்பூரில் உங்கள் உடம்பைப் பற்றியும் அத்தையின் முட்டிவலியைப் பற்றியும் எழுதவும். இங்கே மழை இல்லை. ஆலைக்கு உள்ளே இருக்கிற சூடுதான் வெளியிலும்.

நலம் விசாரித்தாகிவிட்டது. விஷயத்துக்கு வருகிறேன். இந்த உறையில் ஒரு படிவம் இருக்கிறது. கல்யாணத்தில் நீங்கள் சீராகக் கொடுத்த கார் இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. அதைக் கைமாற்றப் போகிறேன். உங்கள் கையெழுத்து இல்லாமல் முடியாது. பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கும் இரண்டு இடங்களில் போடவேண்டும். இதைச் சுற்றி வளைத்து எழுத நாலு தடவை பார்த்தேன். நாலு தாள் வீணானதுதான் மிச்சம்.

கோபித்துக்கொள்ளுமுன் மீதியையும் படித்துவிடுங்கள்.

புது வண்டிக்குப் பணம் கட்டினால் எட்டு வருஷம் காத்திருக்கச் சொல்கிறார்கள். அதனால் பழைய வண்டி எவன் வீட்டு வாசலில் நிற்கிறது என்று ஊரே மோப்பம் பிடிக்கிறது. போன மாதம், ஊத்துக்கோட்டையில் ரைஸ் மில் வைத்திருக்கும் ராஜவேலு ஆளோடு வந்து இறங்கினார். நான் உள்ளதைச் சொன்னேன். இரண்டாவது கியர் தானாகக் கழன்றுகொள்ளும். பன்னிரண்டு மைலுக்கு ஒருதரம் ரேடியேட்டருக்குத் தண்ணீர் காட்டவேண்டும். பின்சீட்டுக்குக் கீழே தகட்டில் ஓட்டை, உட்கார்ந்தபடியே ஜி.என்.டி. ரோட்டைப் பார்க்கலாம். ராஜவேலு கூட வந்தவரைப் பார்த்து, "பாத்தியா, புள்ளைக்கு விக்க மனசு இல்ல. அதான் இம்மாங் கதை உடறான்" என்று சொல்லி ஐந்நூறு ரூபாய் ஏற்றினார்.

எனக்கு எரிச்சல். கதை இல்லை என்று காட்ட வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். கவரைப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு முன்னால் கியர் கழன்றது. "வேணும்னே கழட்டுறான்யா! கில்லாடி!" என்று இன்னும் முந்நூறு. தண்ணீர் தீர்ந்து புகை வந்திருந்தால் ரைஸ் மில்லையே எழுதிக் கொடுத்திருப்பார். நான் வாயைத் திறந்தால் காரியம் கெடும் என்று நீங்கள் அத்தையிடம் சொல்வது எனக்குத் தெரியும். இந்த ஒரு வியாபாரத்தில் வாயைத் திறந்துதான் விலை ஏறியது.

ஆனால் ராஜவேலுவின் பணம் எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டியது இரும்பு கடைகிற லேத்து. பணத்தை நீட்டினாலும் புது லேத்துக்கு இரண்டரை வருஷ வரிசை. பழையதை யாரும் விடுவதில்லை.

லேத்து எதற்கு என்று கேட்பீர்கள். இங்கே மூன்று ஆலைகள் இருக்கின்றன. தண்டைத் தாங்கும் புஷ் வளையம் ஒன்று தேய்ந்தால் அதைக் கடைந்து வாங்கப் பட்டணத்துக்கு ஆள் அனுப்புகிறார்கள். போய் வர மூன்று நாள், அதுவரை மிஷின் சும்மா நிற்கிறது. அதே புஷ்ஷை நான் ஒரு மணி நேரத்தில் கடைவேன். புதுவாயல் கூட்டுரோட்டில் ஒரு கொட்டகை வாடகைக்குப் பிடித்திருக்கிறேன். மின்சார இணைப்பும் வந்துவிட்டது. லேத்து ஒன்றுதான் பாக்கி.

இன்னொன்றையும் இந்தப் பத்தியிலேயே எழுதிவிடுகிறேன், தள்ளிப்போட்டால் தைரியம் போய்விடும். ஆலை வேலையை ராஜினாமா செய்துவிட்டேன். இந்த மாதம் முப்பதாம் தேதியோடு கடைசி. லேத்து கிடைப்பது நிச்சயம் என்று தெரிந்த மறுநாளே கடிதம் கொடுத்தேன். உங்கள் கையெழுத்து வரட்டும் என்று பொறுத்திருக்கவேண்டும். எனக்குப் பொறுமை இல்லை என்பது உங்களுக்குப் புதுச் செய்தி அல்ல.

அந்த லேத்து கிடைத்த விதத்தைக் கேளுங்கள். சடையப்பன் என்று ஒரு பெரியவர். ஊத்துக்கோட்டைக்கு இந்தப் பக்கம் பன்னிரண்டு காணி நஞ்சை. மகனுக்குப் பட்டறை வைத்துக் கொடுக்க லேத்து வாங்கினார். மகனோ துறைமுகத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டான். லேத்து மாட்டுக் கொட்டகையில் சாக்கு போர்த்திக்கொண்டு நிற்கிறது. அவர் மனைவி கங்கம்மாளுக்கு இடுப்பு எலும்பு முறிந்து கூடியதிலிருந்து பஸ் படி ஏற முடியவில்லை, மாட்டு வண்டிக் குலுக்கலும் ஆகவில்லை. திருவள்ளூரில் இருக்கும் மகளைப் போய்ப் பார்த்து ஒன்றரை வருஷம். புதுக் கார் வாங்கப் போன இடத்தில் அவரிடமும் எட்டு வருஷம் என்றிருக்கிறார்கள். "எட்டு வருசம் கழிச்சி வண்டி வந்தா, எங்க ரெண்டு பேர் போட்டோவை சீட்ல வெச்சிக்கினு போவாங்களா, இஞ்சினீரே?" என்று என்னைக் கேட்டார்.

சாக்கை எடுத்தேன். ஒரு எலிக் குடும்பம் குதித்து ஓடியது. மற்றபடி மேல்துரு மட்டும்தான். சுழல்தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தேன், கொஞ்சமும் ஆட்டமில்லை. மாமா, நீங்கள் ஃபோர்மன், இது உங்களுக்குப் புரியும். இன்னொரு தடவையும் சுற்றிப் பார்த்தேன்.

அப்புறம் நான் செய்ததைப் படித்தால் நீங்கள் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கரக்பூரிலிருந்து இங்கே கேட்கும். "பெரியவரே, என் காரைவிட உங்கள் லேத்து உசத்தி. ஒன்றுக்கு ஒன்று மாற்றினால் உங்களுக்குத்தான் நஷ்டம்" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற செல்லி என் முழங்கையைக் கிள்ளின இடம் இன்னும் நீலமாக இருக்கிறது. சடையப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "மில்லுக்காரன் நீ பொய் பேசறேன்னான். நீ இன்னாடான்னா உனக்கே நஷ்டம் பேசிக்கினு கீற. உன்ன வெச்சிக்கினு இந்தப் பொண்ணு இன்னா பேஜாரு படுதோ" என்றார். பிறகு செல்லியைக் காட்டி, "வண்டிய ஓட்டிக்கினு வந்தது இதுதானே? எனக்கு லைசென்சு வர்ற வரைக்கும் இது ஓட்டக் கத்துக்குடுக்கட்டும். வித்தியாசம் அத்தோட சரி" என்று பேச்சை முடித்தார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை பாடம் ஆகிவிட்டது. முதல் நாள் வண்டி களத்துமேட்டில் நேராகத்தான் போனது. நிறுத்து என்று செல்லி சொன்னதும் பெரியவர், "ஹோ... ஹோ..." என்று கூவிக்கொண்டு ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்து இழுத்தார். வைக்கோல் போர்தான் வண்டியை நிறுத்தியது. "பெரிப்பா, இது மூக்கணாங் கவுறு இல்ல! பிரேக்கு கால்ல கீது, கால்ல!" என்று செல்லி கத்தினாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த கங்கம்மாள், "மாட்டுக்காவது காது கேக்கும். கல்யாணமான நாள்லேர்ந்து இந்த ஆளு யார் பேச்சைக் கேட்டாரு?" என்று சொல்லி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இப்போது தேவலை. இன்று காலை எந்தப் போரிலும் முட்டாமல் ஊர்க்கோடிவரை போய்த் திரும்பினார். திரும்பும்போது மட்டும் வண்டியைத் தட்டிக்கொடுத்தார்.

கெடு ஒன்று இருக்கிறது. ஆடி பிறந்துவிட்டால் சடையப்பன் ஒரு விளக்குமாற்றைக்கூடக் கைமாற்ற மாட்டாராம். அப்புறம் ஆவணிதான். சம்பளம் இல்லாமல் அதுவரை என்னால் கொட்டகைக்கு வாடகை கட்ட முடியாது. அதற்குள் ராஜவேலு தன் பழைய ஜீப்பை அவர் தலையில் கட்டிவிடவும் கூடும். கடிதம் வர நாலு நாள், பதில் திரும்ப நாலு நாள். உங்கள் கோபத்துக்கு ஒரு வாரமும் யோசனைக்கு ஒரு வாரமும் ஒதுக்கியிருக்கிறேன். அப்படியும் ஆடிக்கு ஐந்தாறு நாள் மிச்சம் இருக்கிறது.

மாமா, நீங்கள் ஆலை உத்தியோகத்தை நம்பித்தான் பெண் கொடுத்தீர்கள். பெண் பஸ்ஸுக்கு நிற்கக்கூடாது என்று கார் கொடுத்தீர்கள். நான் உத்தியோகத்தை விட்டுவிட்டேன், இப்போது காரையும் கேட்கிறேன். எப்படி எழுதினாலும் இது நன்றாக இல்லை. வேலை எனக்குத் தெரியும், அதில் சந்தேகமே இல்லை. நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்பதுதான் தெரியவில்லை. கையெழுத்துப் போட மனமில்லை என்றால் படிவத்தை வெறுமனே திருப்பி அனுப்பிவிடுங்கள், வருத்தப்பட மாட்டேன் (படுவேன், ஆனால் கேட்க மாட்டேன்). திட்டியும் எழுதலாம். பதில் போடாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

அத்தைக்கு என் வணக்கம்.

தங்கள் மருமகன்,
செங்கல்வராயன்

நைனா, செல்லி எழுதுறேன். அவரு கடைக்குப் பசை வாங்கப் போயிருக்காரு, ஒறைய இன்னும் ஒட்டல. எல்லாத்தையும் படிச்சிட்டேன். அத்தனையும் நெசம், ஒண்ணு மட்டும் தப்பு. தான் கைமாத்தப் போறதா எழுதிக்கீறாரு. கல்யாணப் பந்தல்ல அத்தினி பேர் எதிர்ல நீ சாவிய யார் கையில குடுத்த? என் கையிலதானே? அப்ப மாத்தறது நானு. உன்ன எப்பிடிக் கேக்கறதுன்னு அவருதான் ஒரு மாசமா சோறு எறங்காம கீறாரு.

எனக்கு வண்டி போவுதேன்னு வருத்தம் இல்லாம இல்ல. நேத்து கழுவறப்ப கொஞ்சம் அழுதேன், அவருக்குத் தெரியாது. ஆனா நைனா, நாம பெரம்பூர்ல இருந்தப்ப மைதானத்துல அம்மா திட்டத் திட்ட நீ எனக்கு ஓட்டக் கத்துக்குடுத்த பாரு, அதுக்குத்தான் பாதி லேத்து வருது. அதனால இது உன் லேத்தும்தான். நான் இங்க நல்லா கீறேன். நெசமாத்தான் சொல்றேன். இத்த அம்மாவுக்குப் படிச்சிக் காட்டிட்டு, அவங்கள பக்கத்துல வெச்சிக்கினு கையெழுத்து போடு, நைனா.