சைபரில் நீ இருந்தாய்

இன்றைக்கு உன் மேசையிலிருந்து பழைய தொலைபேசியைக் கழற்றினார்கள். அதை வாங்கிய என் கையில் தைலம் மணத்தது. தலைவலி என்று நெற்றியில் அப்பிக்கொண்டு, அதே கையால் ரிசீவரை எடுப்பாயே, அந்த மணம். இவ்வளவு நாளாகியும் அது போகவில்லை. பாவி, நீதான் போய்விட்டாய்.

நம் கம்பெனிக்குப் புதிய போன் சிஸ்டம் ஒவ்வொரு கிளையாய் வந்துகொண்டிருக்கிறது. கண்டி ஒபிஸ், கலகெதர ஸ்டோர், ஹுன்னஸ்கிரியவில் தேயிலைக் கொழுந்து வாங்கும் இடம், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்று. அவசரம் என்றால் எங்கிருந்து யாருக்கு அழைப்புப் போகவேண்டும் என்று திட்டம் போடுகிற வேலையை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். நீ செய்ததை எல்லாம் ஒரு மெஷினுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம்.

அப்போது திட்டம் என்று ஒன்றும் இருக்கவில்லை, நீ இருந்தாய். எந்தக் கிளையில் என்ன நடந்தாலும் போனில் சைபரை, அந்தப் பூஜ்யத்தை, அமுக்குவார்கள், கண்டியில் ரிசெப்ஷனில் நீ எடுப்பாய். ஹுன்னஸ்கிரியவில் லொறியிலிருந்து ஒருவர் விழுந்தபோது நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். போனின் அந்தப் பக்கம் ஒரே கூச்சல். "மொதல்ல எந்த எடம்னு சொல்லு, அப்பறமா அழு" என்று அதட்டினாய். பிறகு அம்புலன்ஸ்காரருக்குச் சிங்களத்தில் வழி சொன்னாய்: கோயிலைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டிப் பக்கத்துப் பாதையில் வாருங்கள், மேல் பாதையை லொறி மறித்து நிற்கிறது என்று. நீயோ அந்த இடத்தைக் கண்ணால் கண்டதில்லை. போனை வைத்துவிட்டு, ஆறிப்போன பிளேன்டியைக் குடித்தபடி, "என்னடி அப்படிப் பாக்குற, வடையக் குடு" என்றாய். அந்த மனிதர் பிழைத்துவிட்டார். அதற்குப் பிறகு அம்புலன்ஸ் நம்பரை யாருமே மனதில் வைத்துக்கொள்ளவில்லை. நீ இருக்கும்போது எதற்கு என்று இருந்துவிட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை கலகெதரவில் சரக்கு எண்ண ஆள் போதாது என்று நீயாகவே வலியப் போனாய். குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் உன்னை பஸ் ஏற்றிவிட்டதே நான்தான். ஜன்னலால் தலையை நீட்டி, "வர்றப்ப அன்னாசி வாங்கிட்டு வரவா?" என்று கேட்டாய். உனக்கு எதற்கு வீண் சுமை என்றேன். மத்தியானத்தோடு கண்டி ஒபிஸைப் பூட்டிவிட்டு நாங்கள் வீட்டுக்குப் போய்விட்டோம். பின்னேரம் நீ மூட்டைகளுக்கு நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். அப்படியே சரிந்தாயாம்.

ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற மொஹிதீன் நானா ஓடிப்போய் போனை எடுத்தார். சைபரை அமுக்கினார்.

பூட்டிய ஒபிஸில், உன் மேசையில், காலியாய்க் கிடந்த உன் கதிரைக்கு முன்னால் மணி அடித்தது. வைத்துவிட்டுத் திரும்பவும் அமுக்கினார். திரும்பவும் அடித்தது. உன்னைக் காப்பாற்ற உன்னையே கூப்பிட்டுக்கொண்டிருந்தார் அந்த மனிதர். அவருக்குப் புத்தி தெளிந்து உன்னை ஓட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனபோது, கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாமே என்றாராம் டாக்டர். அந்தக் கொஞ்சம் என்னை இன்னும் தின்கிறதடி.

கூட்டத்தில் மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா? "அவசரம்னா எல்லாம் ரிசெப்ஷனுக்கே வரட்டும். கிளைகளுக்குத் தனி ஏற்பாடு எதுக்கு? எல்லார் கையிலயும் போன் இருக்குதானே?" எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "அன்னைக்கும் இருந்துச்சு சேர், நானாவோட சட்டப் பையில!" என்று கத்திவிட்டேன். "சரி, உங்க இஷ்டப்படியே போடுங்க" என்றார். இனி எந்தக் கிளையிலிருந்து அம்புலன்ஸ் நம்பரை அமுக்கினாலும் கண்டிக்கு வராமல் நேரே போகும். முன்பு எல்லா அழைப்பும் கண்டி லைனில்தான் வெளியே போகும், அம்புலன்ஸ்காரருக்குக் கண்டி விலாசம்தான் தெரியும். இப்போது கலகெதர என்றால் கலகெதர விலாசமே போகும்.

போன கிழமை ஒத்திகைக்குக் கலகெதர போனேன். உண்மையாக அழைப்புப் போகாதபடி செய்துவிட்டு, "நானா, இங்க ஒருத்தர் விழுந்துட்டாரு. என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். அம்புலன்ஸ் நம்பரைச் சிவப்பில் பெரிதாய் எழுதிப் போனுக்கு மேலேயே ஒட்டியிருந்தேன். அவர் அதைப் பார்த்தார். வாய்விட்டு வாசித்தார். விரல் சைபரை அமுக்கியது.

ரிசீவரைக் கீழே போட்டுவிட்டு மூட்டையில் குந்திவிட்டார். "என்ன செய்ய தங்கச்சி, கை தானா அங்கதானே போகுது. அல்லாஹ்வே..." என்று குழந்தை மாதிரி அழுதார். பக்கத்து மூட்டையில் உட்கார்ந்து நானும் அழுதேன்.

ஒட்டிய தாளால் மாறுகிற பழக்கமா அது? அதனால் உன் சைபரை நான் எடுத்துக்கொண்டேன். ரிசெப்ஷனில் ஆள் எடுக்காவிட்டால் அது என் கைத்தொலைபேசிக்கு வரும். கோயிலுக்குப் போனாலும் அதை நிறுத்துவதில்லை. குளிக்கும்போது கதவுக்கு வெளியே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். மணி அடித்தால் ஈரக்கையோடே எடுக்கிறேன். உன்னைப்போல் அதட்ட எனக்கு வரவில்லை, முதலில் எந்த இடம் என்று மட்டும் கேட்டுவிடுகிறேன்.

இதைப் பொருத்தித் தந்த டெக்னீஷியன் லெப்டொப்பிலிருந்து தலையை எடுக்காமலே கேட்டான்: "மிஸ், நீங்க எடுக்கலன்னா?"

"நேரா அம்புலன்ஸுக்குப் போகட்டும்" என்றேன். அவன் தட்டி முடித்துவிட்டான், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நீ அந்தக் கதிரையில் இருந்த இத்தனை வருஷத்தில், நீ எடுக்காவிட்டால் என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லையேடி.