நாம் நிரப்பிய வண்டி

இன்று காலை பவானிபூரில் பஸ்ஸுக்கு நின்றபோது எதிர் டீக்கடைக்காரர் அடுப்பு மூட்டினார். நிலக்கரிப் புகை முகத்தில் அடித்தது. இருமிக்கொண்டே நின்றேன், வந்த பஸ்ஸையும் விட்டுவிட்டேன். நீ போய் ஒரு மாதம் ஆகிறது. எதற்கும் அவசரப்படத் தோன்றுவதில்லையடி.

கார்டன் ரீச்சில் நம் ரயில்வே காலனி மைதானத்தைச் சுற்றி ஓடிய குட்டி ரயிலுக்கும் இதே வாசனைதான். மூன்று பெட்டி, ஒரு நீராவி எஞ்சின், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டம். உன் அப்பாதான் டிரைவர். நாம் ஏழாவது படிக்கும்போது, ஏற ஆளில்லை, மூன்று மாதம் பார்ப்போம், ஆள் சேராவிட்டால் மூடிவிடுவோம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். மூடினால் அவருக்குச் சக்ரதர்பூருக்கு மாற்றல், கூடவே நீயும் போய்விடுவாய். எனக்கு ரயிலா முக்கியம்? நீ போகக்கூடாது, அவ்வளவுதான்.

திட்டம் என்னுடையது. ஞாயிறுதோறும் வண்டியை நிரப்பிக் காட்ட வேண்டும். வெயிலில் ஒவ்வொரு குவார்ட்டர்ஸாக மாடி ஏறி இறங்கினோம். "காக்கிமா, இவனையும் அனுப்புங்க காக்கிமா" என்று வங்காளிச் சித்திமார்களிடம் பாதித் தமிழில் பாதி வங்காளத்தில் நீ கெஞ்சுவாய். நான்காவது ஞாயிறு நிற்க இடமில்லை. எல்லோரும் காலனி அட்டையை நீட்டிவிட்டு ஏறினோம். ரயில்வே வீட்டுப் பிள்ளை டிக்கெட் எடுப்பதாவது! வெளியாட்கள்தான் எடுப்பார்கள். நமக்கு அது மானக்கேடு.

இனி எழுதுவதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அன்று நீ தண்ணீர் குடிக்கப் போயிருந்தாய். உன் அப்பா எஞ்சினிலிருந்து குனிந்து என்னிடம், "பாப்பா, அட்டையைக் காட்டி ஏறினா ஆள் கணக்குல வராது. கிழிச்ச டிக்கெட்டைத்தான் எண்ணுவாங்க. எல்லாரையும் டிக்கெட் எடுக்கச் சொல்லும்மா" என்றார். "சரி அங்கிள்" என்று தலையாட்டினேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள், பாதிப் பேர் வரமாட்டார்கள், நான் நிரப்பிய வண்டி காலியாகிவிடும். நிறைந்த வண்டியை யாராவது வந்து கண்ணால் பார்ப்பார்கள் என்று நம்பினேன். ஒருவரும் வரவில்லை. உன் அப்பாவும் மறுபடி கேட்கவில்லை, தன் வேலைக்காகக் கேட்பதுபோல் ஆகிவிடும் என்று கூசியிருப்பார்.

பயணிகள் இல்லாததால் வண்டி நிறுத்தப்படுகிறது என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். "மூணு பெட்டியும் வழிய வழியப் போச்சே, கையெழுத்துப் போட்ட ஆளுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று நீ அழுதாய். நானும் சேர்ந்து அழுதேன். வருஷ நடுவில் போனாய். புது ஊர் இந்திப் பள்ளியில் அந்த வருஷம் ஃபெயில். கல்யாணமாகி அலிப்பூருக்குத் திரும்பி வந்த பிறகும், பேச்சுக்குப் பேச்சு அந்த முகம் தெரியாத அதிகாரியை இழுத்துத் திட்டுவாய். நானும் "ஆமாண்டி" போடுவேன். உன் அப்பா கண் மூடும்வரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இத்தனை வருஷம் தலையாட்டித் தலையாட்டி எனக்கு அலுத்துப்போயிற்று.

கடைசியாக உன்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்ததே அதைச் சொல்லிவிடத்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி" என்று ஆரம்பித்தேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"நானும் ஒண்ணு சொல்லணும். அந்த வெயில்ல எனக்காக எத்தனை மாடி ஏறின நீ! அதுக்கப்புறம் யாரும் எனக்காக அப்படி அலையலடி."

பிறகு, "நீ என்னவோ சொல்ல வந்தியே?" என்று நீயே கேட்டாய்.

"ஒண்ணுமில்ல, நாளைக்கு ரசம் கொண்டு வரட்டுமான்னு கேக்க வந்தேன்" என்றேன்.

உன் நன்றியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அது எனக்கு உரியதல்ல. திருப்பிக் கொடுக்கலாம் என்றால் நீ இல்லை.