ஆழமான பக்கத்துக்குப் போய் வந்த கதை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நன்றாகவே இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் நம் வாண்டுவும் அங்கே அப்படியே இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன், குழந்தைக்குச் சளி விட்டதா என்று முதலில் சொல். போன் இருக்கும்போது இதென்ன புதுசாகக் கடிதம் என்று முகத்தைச் சுளிப்பாய். போனில் பேசினால் நீ கோபப்படுவாய், நான் பதிலுக்குக் கோபப்படுவேன், கடைசியில் போன தடவை மாதிரி யாராவது ஒருத்தி பட்டென்று வைத்துவிடுவாள். வைத்தது நான்தான், சரி. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார், அந்தச் சௌகரியம் வேறு எதில் உண்டு? ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் உட்கார்ந்து ஊரார் எல்லாருக்கும் இணைப்புக் கொடுத்தவளுக்குச் சொந்த மகளிடம் லைன் கிடைக்கவில்லை என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள்.

நான் ஓய்வு பெற்ற கையோடு என் ஆசைகளையெல்லாம் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினது உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு புதுச் சமையல், நீச்சல், ஒரு ராத்திரியாவது கூடாரத்தில் தூக்கம் என்று அது பாட்டுக்குப் போகும். அப்பா தன் கையெழுத்தில் அடியில் ‘ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்காமல் இருப்பது’ என்று சேர்த்துவைத்திருக்கிறார், அது எனக்காக அவர் படும் ஆசையாம். திடீரென்று என்னம்மா உனக்கு என்று நீ கேட்டாய். திடீரென்று ஒன்றுமில்லை. அந்த போர்டில் உட்கார்ந்திருக்கும்போது, வார்டில் படுத்திருப்பவர்கள் வீட்டுக்குப் பேசுவார்கள். நான் ஒட்டுக்கேட்கிறவள் இல்லை, லைன் சேர்ந்ததா என்று பார்க்கிற நொடியில் காதில் விழுந்ததுதான். நான் வந்ததும் அங்க போலாம், நான் வந்ததும் அதைச் செஞ்சிரலாம் என்பார்கள். வந்தார்களா, போனார்களா என்று எனக்கு யார் சொல்வார்கள்? கேட்டுக் கேட்டு, நாம் இப்போதே வீட்டுக்கு வந்தாயிற்று என்று வைத்துக்கொள்வோமே என்று தோன்றிவிட்டது, அவ்வளவுதான்.

சமையல் கதையைக் கேள். பூசணிக்காய் சூப் செய்யப்போய், சூடாக இருக்கும்போதே மிக்சியில் ஊற்றிச் சுற்றிவிட்டேன், மூடி பறந்து பாதி சூப் கூரையில். அப்பா ஏணி போட்டு ஏறித் துடைத்துக்கொண்டே, இத்தனை வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பண்ணிருக்கேன், எதுவும் இவ்ளோ வேகமா மேல போய்ப் பார்த்ததில்ல என்றார். ஆனால் மிச்சம் இருந்ததைக் கிண்ணத்தோடு வழித்துச் சாப்பிட்டார். அவருக்குப் புதுச் சமையல் பிடிக்கிறதா என்று வாயால் சொல்லமாட்டார், வெள்ளிக்கிழமை மத்தியானமே அடுப்படிப் பக்கம் ஏதோ தேடுகிற மாதிரி நடமாடுவார், அதிலிருந்து நாமே தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

நீச்சல்தான் வம்பாகிவிட்டது. காலையில் பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரத்தில் நீச்சல் குளத்துக்குப் போகிறேன். சொல்லிக்கொடுக்கிற பெண் உன்னைவிடச் சின்னவள், கழுத்தில் தொங்குகிற விசில் பாதி நேரம் வாயில்தான், அதனால் அவளுக்கு விசில் என்றே பெயர் வைத்துவிட்டோம். ஆழமில்லாத பக்கத்தில் நான் ராணி மாதிரி மிதப்பேன். அன்றைக்கு ஆழமான பக்கத்துக்குக் கூட்டிப்போனாள். பாதி தூரம் வந்ததும் புத்தி கெட்டுக் காலைக் கீழே ஊன்றிப் பார்த்தேன், கீழே தரையே இல்லை. அவ்வளவுதான், மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறி, கை கால் எதுவும் என் பேச்சைக் கேட்கவில்லை. விசில் குதித்து என்னை ஓரமாகத் தள்ளினாள், நான் சுவரிலிருந்த கம்பி ஏணியைப் பிடித்தால் அது ஒரு ஆட்டம் ஆடியது பார், உயிர் போய் வந்தது. இருமி இருமிக் கண்ணெல்லாம் சிவந்து வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அப்பா நேரே உனக்குப் போன் போட்டுவிட்டார். அதற்கப்புறம் நடந்தது உனக்கே தெரியும், இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இதெல்லாம், வீட்டைக் காலி பண்ணிட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க, நான் பாத்துக்கறேன் என்று நீ கத்தினது இன்னும் காதில் இருக்கிறது. நீ அழுதுகொண்டே கத்தினாய் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. குரலை வைத்தே ஆளை எடைபோட்டுப் பழகினவளடி நான்.

போனை வைத்ததும் அப்பாவோடு சண்டை. இனிமே தண்ணிப் பக்கம் போகாத என்றார். சரி, போகலை என்றேன். போகவில்லை. அடுப்படியில் புதுசாக எதுவும் செய்யவும் இல்லை. வெள்ளிக்கிழமை வந்தது, பழையபடி சோறும் பருப்பும் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். வேண்டுமென்றே செய்யாமல் இருக்கவில்லை, கை ஓடவில்லை. தாள் ஃபிரிட்ஜில்தான் இருந்தது, நான் அந்தப் பக்கம் பார்க்காமலே கதவைத் திறந்து மூடினேன். அப்பாவும் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது, போ.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் கடைக்குப் போய்விட்டு வந்தால் அடுப்படியிலிருந்து வாசனை வருகிறது. உன் அப்பா! வெந்நீர் வைக்கக்கூட என்னைக் கூப்பிடுகிற மனுஷன், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, உருளைக்கிழங்கையும் காளானையும் அடுக்கி ஓவனில் வைத்துவிட்டுக் காவல் நிற்கிறார். பக்கத்தில் ஸ்கேல் கிடந்தது, துண்டுகளை அளந்து நறுக்கியிருக்கிறார்! அடுக்கெல்லாம் கோடு போட்ட மாதிரி நேராக வந்திருந்தது, உருளைக்கிழங்கு மட்டும் வேகவில்லை. நறுக் நறுக்கென்று இரண்டு பேரும் கடித்துச் சாப்பிட்டோம். பாதியில் தலையைத் தூக்காமலே, அந்த ஏணி ஆடுச்சுன்னு சொன்னியே, எந்தப் பக்கம் ஆடுச்சு என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் பெண்கள் நேரம் முடிந்ததும் அப்பா குளத்துக்கு வந்து விசிலிடம், உன்ன நான் தடுக்கலம்மா, அவளையும் தடுக்கல, ஆனா ஏணி ஆடக்கூடாது என்று சொல்லிவிட்டு, ஸ்பேனரை எடுத்து உட்கார்ந்து எல்லா ஏணியின் நட்டையும் முறுக்கினார். துருப்பிடித்ததை மாற்றினார். அந்தப் பெண்ணையே ஏறி நின்று குதிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். அதற்கப்புறம் தினமும் என்னோடு வந்தார், உள்ளே விடமாட்டார்கள் என்பதால் என் செருப்பையும் பையையும் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். கேட்டில் காவலிருக்கிற அம்மா, உங்க வீட்டுக்காரர் என்னை உள்ள அனுப்பி அனுப்பி வேவு பாக்கச் சொல்றார், எனக்கு வேற வேலையே ஓடல என்று அலுத்துக்கொண்டாள்.

போன செவ்வாய்க்கிழமை கடந்துவிட்டேனடி. ஆழமான பக்கத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும். நடுவில் பயம் வந்தது, வராமல் இல்லை, வந்துட்டியா, வா, கூடவே நீந்து என்று சொல்லிக்கொண்டே கையைப் போட்டேன். காலை மட்டும் ஊன்றிப் பார்க்கவில்லை. விரல் அந்தப் பக்கச் சுவரில் பட்டதும் விசில் ஊதினாள் பார், கேட் வரைக்கும் கேட்டிருக்கும். தலை சொட்டச் சொட்ட வெளியே ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் என் செருப்பை எடுத்துக் கீழே வைத்தார், கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினார், அப்புறம் ஆம்பளைங்க நேரம் எப்பன்னு கேட்டியா என்றார்.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். வீட்டைக் காலி செய்யமாட்டோம். உன் மேல் பாசமில்லாமல் இல்லை. நீ எங்களைக் கூப்பிட்டது பயந்துபோய். அப்படிக் கூப்பிட்ட இடத்துக்கு வந்தால் நாம் மூன்று பேரும் பயந்துகொண்டேதான் இருப்போம், யாராவது தும்மினால்கூட. அம்மாவைப் பார்க்கணும் போல இருக்கு என்று ஒரு தடவை கூப்பிடு, அன்றைக்கே பெட்டி கட்டுகிறோம், வந்து வாண்டுவோடு ஆசை தீர விளையாடிவிட்டுத் திரும்பி வருகிறோம். வெள்ளிக்கிழமைகளில் உன் அடுப்படியை என்னிடம் விட்டுவிடவேண்டும், மிக்சி மூடியை நான் பிடித்துக்கொள்கிறேன். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, கழுத்து வலி என்றாயே, தலையணையை மாற்று, மாப்பிள்ளையை நாங்கள் விசாரித்ததாகச் சொல். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடியில்லாமல், மனம் நிறைந்து வாழவேண்டும் என்று நானும் அப்பாவும் வாழ்த்துகிறோம்.

மறக்காமல் போன் பண்ணு. காலையில் பண்ணாதே, நான் தண்ணீரில் இருப்பேன். சாயங்காலம் பண்ணாதே, அப்பா தண்ணீரில் இருப்பார். மத்தியானமாகப் பண்ணு, இரண்டு பேரும் கரையில் இருப்போம்.

என்றும் பாசத்துடன்,
உன் அம்மா