அண்ணன் எடுக்கும் படம்

அன்புள்ள அம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் சுகமாக இருக்கிறேன். உங்கள் முட்டிவலி குறைந்ததா? பரீது அண்ணன் நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

போன வாரம் இங்கே ஒரு வேடிக்கை. நான் வேலை பார்க்கும் இல்லத்தில் எல்லாரும் அண்ணனைப் போல மனவளர்ச்சி குன்றிய பெரியவர்கள்தானே. அவர்கள் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று மார்க் போட ஒரு மேடம் வந்தார். கேட்கும் கேள்விக்குச் சிரித்த முகம், சும்மா இருக்கும் முகம், அழுத முகம் என்ற மூன்று படங்களில் ஒன்றைத் தொட வேண்டும். நான் தினமும் குளிப்பாட்டும் யூசுப் எல்லாவற்றுக்கும் சிரித்த முகத்தையே தொட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் மேடம், “உங்க முகத்தைப் பார்த்துத்தான் தொடுறார், வெளியே நில்லுங்க” என்றார். நான் வெளியே போனதும் அதே கேள்விகளுக்கு யூசுப் அழுத முகத்தையே தொட்டிருக்கிறார். என் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதீர்கள்.

நான் ஷார்ஜாவுக்குக் கிளம்பிய அன்று, “தம்பி வெளிநாடு போகட்டுமாப்பா?” என்று அண்ணனிடம் கேட்டீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினார்.

லீவில் ஊருக்கு வரும் என் அறைத்தோழன் அஸ்வரிடம் இந்தக் கடிதத்தோடு அதே மூன்று முகங்களையும் வரைந்து கொடுத்திருக்கிறேன். அண்ணன் முன்னால் வைத்து, “தம்பி அங்கிட்டே இருக்கட்டுமாப்பா?” என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுங்கள். அவர் கையில் எடுத்த படத்தை, அஸ்வர் திரும்பும்போது எலுமிச்சை ஊறுகாயோடு கொடுத்தனுப்புங்கள். வேறு படத்தை மாற்றி வைத்துவிடாதீர்கள்.

அஸ்வருக்கு டாக்ஸி வந்துவிட்டது, முடிக்கிறேன். வீடியோ காலில் நானே கேட்டிருக்கலாம். அதில் என் முகம் தெரியுமே அம்மா.

உங்கள் மகன்,
சிக்கந்தர்