எரிபொருள் அன்று

அன்புள்ள அத்தை,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். என்னை நல்லவளாகக் காட்டும் இடங்களைக் கூட்டவும் மாட்டேன், மற்றவற்றைக் குறைக்கவும் மாட்டேன். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியும் என் விரல்களிலிருந்து எஞ்சின் ஆயில் வாடை போகவில்லை. இன்று சேகர் அண்ணன் பட்டறையில் உங்கள் காருக்குப் புது ஆயில் டேங்க் பொருத்தி முடித்தார்கள். அந்த வாடையோடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கண்டமங்கலத்தில் ஒரு நெல் கொட்டகையில் கோழிகள் அடைந்துகொண்டிருந்த காரை நீங்கள் வாங்கி வந்த நாள் நினைவிருக்கிறது. உங்களைவிட வயதான, இரண்டே கதவு வைத்த வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். "கல்யாணத்துக்குச் சொன்னா காதுல வாங்கல. கோழிக்கூண்டை வாங்கிக்கினு வந்திருக்கா பாரு" என்றார் அப்பா. "கோழிக்கூண்டு எதிர்த்துப் பேசாது அண்ணா" என்றீர்கள். அதற்குச் சிவப்பு வண்ணம் அடித்து நீங்கள் திண்டிவனம் கோர்ட்டுக்கு ஓட்டிப்போன முதல் நாள், கட்சிக்காரர்கள் வழக்கை மறந்து காரைச் சுற்றி நின்றார்களாம்.

அந்தக் காருக்கு எஞ்சின் பின்னால். மற்ற கார்களைப் போல் ஆயில் எஞ்சினுக்கு அடியில் தங்காது. அதற்குத் தனியாக ஒரு டேங்க். அது வலப்பக்கம், கதவுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் இருந்தது. வெளியே ஒரு வட்ட மூடி, பார்ப்பதற்கு அசல் பெட்ரோல் மூடி. உண்மையான பெட்ரோல் மூடியோ முன்னால், இடப்பக்கம். எந்தப் பெட்ரோல் பங்குக்குப் போனாலும் குழாயோடு நேராக வலப்பக்கம்தான் வருவார்கள். நீங்கள் ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கத்துவீர்கள்: "அண்ணே, அது ஆயிலு! முன்னாடி வாங்க!"

மூடியில் எழுதிவிடலாம் என்று யோசனை சொன்னது நான்தான். "ஆயில்னு எழுதிடு, போதும்" என்றீர்கள். ஆயில் தமிழ் இல்லையே என்றேன். "அதுக்காக எண்ணெய்னு எழுதி வைக்காத. எவனாவது நல்லெண்ணெய் ஊத்திடுவான்." கடைசியில் வெள்ளை வண்ணத்தில் 'எரிபொருள் அல்ல' என்று எழுதினேன். அந்த வாரமே வகுப்பில் தமிழம்மா 'அல்ல' என்பது பன்மைக்கு உரியது, ஒருமைக்கு 'அன்று' என்றுதான் வரவேண்டும் என்றார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தின்னர் தொட்டு அழித்துவிட்டுத் திருத்தி எழுதினேன். மூடி வட்டமாக இருந்ததால் 'எரிபொருள்' மேலே பெரிதாகவும், 'அன்று' கீழே சிறிதாகவும் அமைந்தது. நீங்கள் குனிந்து படித்துவிட்டு, "என் கேஸ் கட்டுலகூட இவ்ளோ சுத்தம் கெடையாது, புலவரே" என்று என் தலையில் தட்டினீர்கள். அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

விழுப்புரத்தில் எனக்குப் பேச்சுப் போட்டி. நீங்களே காரில் அழைத்துப் போனீர்கள். கூட்டேரிப்பட்டில் பெட்ரோல் போட நிறுத்திவிட்டு, "ஃபுல் பண்ணச் சொல்லு, மல்லாட்டை வாங்கிக்கினு வர்றேன்" என்று வேர்க்கடலை வாங்கச் சாலையைக் கடந்து போனீர்கள். நான் பேச்சை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். பங்க் அண்ணன் கேட்டார், "பாப்பா, இதானே? ஃபுல்லா?" தாளிலிருந்து தலையைத் தூக்காமல் ஆட்டினேன். "என்ன பாப்பா, அதுக்குள்ள ரொம்பிடுச்சு?" என்றார். அதற்கும் தலையை ஆட்டினேன். நீங்கள் வந்து அமர்ந்து, பெட்ரோல் முள் ஏறவில்லையே என்று கண்ணாடியைத் தட்டினீர்கள். அது எப்போதுமே சோம்பேறி முள். ஊத்தியாச்சு அத்தை என்றேன்.

விக்கிரவாண்டி தாண்டியதும் எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம் கேட்டது. ஓரம் கட்டினீர்கள். நான் அழ ஆரம்பித்தேன், காருக்காக இல்லை, போட்டிக்கு நேரமாகிறதே என்று. உண்மையை எழுதுவதாகச் சொன்னேனே, அதனால் இதையும் எழுதுகிறேன். "அழாதடி. கார் எங்கயும் ஓடிப்போயிடாது, அதான் நின்னுபோச்சே. போட்டிதான் நிக்காது" என்று வெயிலில் பஸ்ஸை மறித்து ஏற்றினீர்கள். எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. மேடையிலிருந்து பார்த்தேன், நீங்கள் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டிக்கொண்டிருந்தீர்கள்.

மறுநாள் சேகர் அண்ணன் ஆயிலை இறக்கியபோது பட்டறை முழுக்கப் பெட்ரோல் நெடி. ஆயில் தண்ணீராய் ஓடியது. பேரிங்குகள் தேய்ந்து எஞ்சினையே பிரிக்கவேண்டிய நிலை. நீங்கள் என்னையும் அழைத்துக்கொண்டு கூட்டேரிப்பட்டு பங்குக்குப் போய்க் கேட்டீர்கள். அந்த அண்ணன் பதறிப்போனார்.

"மேடம், எரிபொருள்னு கொட்டை எழுத்துல நீங்கதான எழுதி வச்சிருக்கீங்க? அதைப் பாத்துட்டுதான் ஊத்துனேன்."

"கீழ இன்னொரு வார்த்தை இருந்துச்சே?"

"ஆமா, 'அன்று'ன்னு. என்னிக்குப் போட்டோம்னு தேதி எழுதுற எடமாக்கும்னு நெனச்சேன் மேடம்."

நீங்கள் பங்கின் நடுவிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். அதன்பின் வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னீர்கள், "எங்க வூட்டுப் புலவர் இலக்கணத்தாலயே ஒரு எஞ்சினைக் காலி பண்ணிட்டா." ஒருமுறைகூட என்னைத் திட்டவில்லை. நானும் கூடவே சிரித்தேன். சிரித்துவிட்டால் மன்னிப்புக் கேட்கவேண்டியதில்லை என்பது எனக்கு வசதியாக இருந்தது.

டேங்கையே இடம் மாற்றிவிடுவது என்று முடிவெடுத்தது நீங்கள்தான். பின்சக்கரத்துக்குப் பின்னால் உள்ளே தள்ளி வைக்கவேண்டும், பெரியதாக வேண்டும், வளைவுகளில் ஆயில் ஒரு பக்கமாய் ஒதுங்காதபடி உள்ளே தடுப்புத் தகடுகள் வேண்டும். கோயம்புத்தூரில் செய்யக் கொடுத்தீர்கள். எஞ்சின் தயாரானது. டேங்க் மட்டும் வரவில்லை. அதற்குள் ஐப்பசி மழையில் உங்களுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

"டேங்க் வந்துச்சாடி?" படுக்கையிலிருந்து நீங்கள் கேட்டது அதைத்தான்.

"இன்னும் இல்ல அத்தை."

"வந்ததும் ஜல்தியா மாட்டச் சொல்லு. எழுந்ததும் பெருமுக்கல் வரைக்கும் ஒரு ரவுண்டு போவணும்."

நீங்கள் எழவில்லை. காரியம் முடிந்த பிறகுதான் டேங்க் வந்தது. அப்பா அட்டைப்பெட்டியைப் பிரிக்காமல் வெகு நாள் வைத்திருந்தார். பிறகு ஒருநாள், "அவ ஆரம்பிச்ச வேலை, பாதியில நிக்கக் கூடாது" என்று தானே பட்டறைக்குத் தூக்கிப் போனார்.

பழைய டேங்க் சுலபத்தில் வரவில்லை. துருப்பிடித்த நட்டைச் சூடுகாட்டிக் கழற்றினார்கள். புதியது ரப்பர் வைத்த பட்டைகளில் கச்சிதமாய் உட்கார்ந்தது. இனி ஆயில் ஊற்றும் வாய் எஞ்சின் மூடிக்கு உள்ளே. வெளியாள் யாரும் தொட முடியாது. பழைய ஓட்டைக்குத் தகடு வைத்துப் பற்றவைத்துச் சிவப்பு அடித்துவிட்டார்கள். என் எழுத்து இருந்த இடமே தெரியவில்லை. பார்த்ததும் முதலில் எனக்கு நிம்மதியாக இருந்தது, அத்தை. அந்த நிம்மதி வந்த வேகத்தில் எனக்கே அருவருப்பாகிவிட்டது.

"அன்னிக்கி பாப்பா அப்டி எழுதலன்னா இவ்ளோ நல்ல டேங்க்கு ஏது?" என்றார் சேகர் அண்ணன். அப்பாவும், "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றார். இருவரும் என்மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னார்கள். எனக்குத்தான் அது ஒட்டவில்லை. டேங்குக்கு நல்லதுதான். உங்கள் கடைசி மாதங்களில் அந்தக் கார் கட்டைகளின் மேல் நின்றதே, அது யாருக்கு நல்லது?

அப்பா சாவியைத் திருப்பினார். முதலில் இருமியது; பிறகு உங்களுக்குப் பிடித்த அந்த உறுமல் வந்தது. இந்த எஞ்சினில் ஆயில் அளவை, அது ஓடிச் சூடேறிய பிறகு, ஓடும்போதே பார்க்கவேண்டும். அளவுக்குச்சியை என்னைப் பார்க்கச் சொன்னார் சேகர் அண்ணன். உருவித் துடைத்து, மீண்டும் விட்டு எடுத்தேன். மேல்கோட்டுக்குச் சற்றே கீழே, சரியாக இருந்தது. சொன்னேன். அப்பா இறங்கிப் பின்னால் வந்து டேங்க் மூட்டுகளில் கசிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார்.

நான் போய், வழக்கமாக நான் உட்காரும் இருக்கையில் உட்கார்ந்தேன். ஸ்டியரிங்குக்கு முன்னால் யாரும் இல்லை. கார் முழுதும் அதிர்ந்துகொண்டிருந்தது. "மன்னிச்சிடுங்க அத்தை, நான் நிமிர்ந்து பாக்கல" என்று வாய்விட்டுச் சொன்னேன். எழுத்துப் பிழைக்கு மன்னிப்புக் கேட்பதென்றால் இத்தனை நாள் ஆகியிருக்காது. எழுத்தில் பிழையே இல்லை. ஒரு மனிதர் என்னிடம் கேட்டார், இரண்டு முறை கேட்டார், நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. என்னிடம் இருக்கும் பிழை அதுதான். அதை யாரும் தகடு வைத்து மூடித்தர முடியாது. எஞ்சின் சத்தத்தில் நான் சொன்னது வெளியே கேட்கவில்லை.

"கசிவு இல்ல. இறங்கு பாப்பா, காலைல பெருமுக்கல் வரைக்கும் ஓட்டிப் பாக்கலாம்" என்று அப்பா சாவியைத் திருப்பினார். சத்தம் நின்றது. நான் இறங்கிக் கதவை மெதுவாகச் சாத்தினேன். சேகர் அண்ணன் பட்டறை விளக்குகளை அணைத்தார்.