மோந்து பார்க்க மட்டும்

என் செல்லக் கண்ணுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம், உன் அப்பா மட்டும் நன்றாக இருப்பதோடு நிற்காமல் கால் தரையில் பாவாமல் திரிகிறார், காரணத்தைச் சொல்கிறேன். நீயும் அங்கே நோய்நொடி இல்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுகிறாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன், சாப்பாட்டு விஷயத்தில் அந்த நம்பிக்கை கொஞ்சம் குறைவுதான். போன தடவை போனில் பேசியபோது, வீட்டுக்காரம்மா அறையில எதையும் வதக்கக் கூடாதுங்கிறா, வெங்காயம் வதங்குற வாசனைய மோந்தே எத்தனை மாசம் ஆச்சும்மா என்று சொல்லிச் சிரித்தாயே, நீ சிரித்தாய், நான் போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன். சரி, அழுகைக் கதையை விடு. நம் கடைக்குச் சொந்தமாகக் காற்றடிக்கிற கம்ப்ரசர் வந்துவிட்டது!

நீ வேண்டாம் வேண்டாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டது எனக்கு மறக்கவில்லை. பழைய கம்ப்ரசர் வாங்குறது அடுத்தவங்க பல் தேய்ச்ச பிரஷ்ஷை வாங்குற மாதிரிம்மா, உள்ள என்ன எண்ணெய் ஊத்தினாங்கன்னு யாருக்குத் தெரியும், அந்தக் காத்தைத்தானே தண்ணிக்கு அடியில மூச்சா இழுக்கணும் என்றாய். நியாயம்தான். ஆனால் புதுசு நம் கைக்கு எட்டாது. கடலில் முக்குளிக்கச் சொல்லித் தருகிற கடையை வைத்துக்கொண்டு, சிலிண்டருக்குக் காற்றடிக்கத் துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் காரில் ஏற்றிக்கொண்டு போய் இன்னொரு கடைக்காரனிடம் எத்தனை நாள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது? அவன் நினைத்தால் திறப்பான், நினைத்தால் பூட்டுவான். காலி சிலிண்டரோடு திரும்பி வந்து, பாடத்துக்கு வந்து நிற்கிறவர்களை அசட்டுச் சிரிப்போடு அனுப்பி வைப்பது உன் அப்பாவுக்கு வாடிக்கையாகிவிட்டது. இந்தப் பருவம் தொடங்குவதற்குள் சொந்தக் கம்ப்ரசர், இல்லாவிட்டால் கடையைச் சாத்திவிட்டுக் கிடங்கு வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். தண்ணீரை விட்டு வந்தால் அந்த மனுஷர் வாடிப்போய்விடுவார் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் நானும் சரி என்றேன்.

முதலில் பார்க்கப் போனது ஒரு படகுக்காரரின் கொட்டகைக்கு. பளபளவென்று மஞ்சள் பெயிண்ட் அடித்து நிறுத்தியிருந்தார். உன் அப்பா பார்த்த மாத்திரத்தில் அந்தப் பளபளப்பில் மயங்கிவிட்டார். பேரம் பேச வேண்டியவர் விற்கிறவர் முன்னாலேயே நல்லா இருக்கே, நல்லா இருக்கே என்று தடவிக்கொண்டு நிற்கிறார், நான் காலை மிதித்தேன், காலை நகர்த்தி வைத்துக்கொண்டு மறுபடியும் நல்லா இருக்கே! நீ சொல்லிக்கொடுத்தபடி துவைத்த வெள்ளைத் தலையணை உறை ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். அந்த மெஷினில் நிரப்பிய சிலிண்டரைத் திறந்து உறைமேல் பீய்ச்சச் சொன்னேன். மங்கலாக ஒரு வட்டம் விழுந்தது, மோந்து பார்த்தால் தையல் மெஷினுக்குள் தலையைவிட்ட மாதிரி எண்ணெய் நாற்றம். உன் அப்பாவும் வாங்கி மோந்துவிட்டு எனக்கொண்ணும் தெரியலையே என்றார். ஆசை மனுஷர் மூக்கையே அடைத்துவிட்டது என்று நினைத்து, கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன், கார் ஏறும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

இரண்டாவது, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தீயணைப்புக்காரர் வீட்டில். புகைக்குள் போகிறவர்களுக்குச் சிலிண்டர் நிரப்பிக்கொண்டிருந்த மெஷின், அவர்கள் நிலையத்துக்குப் புதுசு வந்ததும் இதை அவரே ஏலத்தில் எடுத்து வைத்துக்கொண்டாராம். பார்க்கச் சகிக்காது, பெயிண்ட் உரிந்து, ஒரு பக்கம் நசுங்கி. ஆனால் உறையில் ஒரு பொட்டுக் கறை இல்லை. நான் மறுபடி மறுபடி மோந்தேன், ஒன்றுமே மணக்கவில்லை. ஒன்றுமே இல்லாததை மோந்து மனசு இப்படி நிறைந்தது எனக்கு இதுதான் முதல் தடவை. அவர் இரண்டே இரண்டு கண்டிஷன் போட்டார், இந்த ஃபில்டரோட ஆயுசு இத்தோட முடிஞ்சுது, புதுசு மாட்டிட்டுத்தான் ஓட்டணும், காத்து இழுக்குற குழாய உயரத்துல வைக்கணும் என்று. உன் அப்பா பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினார்.

ஆட்டின தலை வீட்டுக்கு வந்ததும் மறந்துபோயிற்று. நம் அடுப்படியை ஒட்டின கடைப் பின்னறையில் மெஷினை இறக்கியாயிற்று, புது ஃபில்டர் வந்து சேரவில்லை, அதுவரை மனுஷருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் அடுப்படியில் வெங்காயமும் பூண்டும் வதக்கிக்கொண்டிருக்கிறேன், பக்கத்து அறையில் கடகடவென்று சத்தம். ஒரே ஒரு சிலிண்டர், சும்மா பாக்கத்தான் என்கிறார். குழாயை எங்கே நீட்டியிருந்தார் என்கிறாய், அடுப்படி ஜன்னலுக்கு நேர் கீழே! நிரப்பி முடித்து, வாயில் வைத்து இழுத்துப் பார்த்து, சுத்தமான காத்துடா என்று உன் சித்தப்பாவிடம் கொடுத்தார். சித்தப்பா கடைக்கு எதிரே படித்துறை ஓரம் இடுப்பளவுத் தண்ணீரில் முங்கினான், முங்கின வேகத்தில் எழுந்தான், வாயில் இருந்ததைப் பிடுங்கிவிட்டு, அண்ணீ, பூண்டு கொஞ்சம் தூக்கல் என்று கத்தினான். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே திரும்பினால் உன் அப்பா முகம் வெளுத்துப் போயிருந்தது.

அப்புறம்தான் எனக்கும் உறைத்தது. அந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சந்து, சாமான் இறக்குகிற வேன் இஞ்சினை அணைக்காமல் நிற்கிற இடம். வெங்காயத்துக்குப் பதில் அந்தப் புகை போயிருந்தால்? ஏங்க, நீங்க இழுத்துப் பாத்தீங்களே, தெரியலையா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, போன வருஷம் காய்ச்சல் வந்ததிலிருந்து எனக்கு எந்த வாசனையும் தெரியல என்றார். பால் தீய்ந்து வீடே புகைந்த அன்று பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாரே, அதுவும் இதனால்தானாம். நான் திட்டின திட்டை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறார் பாவி மனுஷர். எனக்குக் கோபம் ஒரு பக்கம், பரிதாபம் ஒரு பக்கம். மூக்கு செத்தவன் அடுத்தவனுக்குக் காத்து ரொப்பக் கூடாது, மெஷினை வித்துடலாம், கடையும் வேணாம் என்று படித்துறையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

விடுவேனா? உங்க மூக்குத்தான லீவுல இருக்கு, என் மூக்கு வேலைக்குத் தயாரா இருக்கு, கல்யாணம் ஆன நாளிலிருந்து நாய் மூக்கு நாய் மூக்குன்னு கேலி பண்ணீங்கல்ல, இப்ப அந்த நாய் மூக்குதான் கடையக் காப்பாத்தப் போகுது, எழுந்திரிங்க என்றேன். சித்தப்பாவும் ஒரு கையைப் பிடித்துத் தூக்கினான். அன்றைக்கே குழாயைக் கழற்றி, சந்துக்கும் அடுப்படிக்கும் எட்டாத மூலையில் மொட்டைமாடிக்கு மேலே கம்பம் நட்டுக் கட்டினார்கள். தீயணைப்புக்காரர் வந்து உன் அப்பாவை ஒரு பிடி பிடித்துவிட்டு, புது ஃபில்டரைத் தன் கையாலேயே மாட்டினார். மூக்கை ஏமாற்றுகிற விஷக் காற்றும் உண்டு என்று நீ சொல்லியிருக்கிறாய் அல்லவா, அதனால் காற்றைப் பரிசோதனைக்கும் அனுப்பினோம், அப்பழுக்கில்லை என்று பதில் வந்த பிறகுதான் பாடம் தொடங்கினார். இப்போது நான் மோந்து பார்க்காமல் எந்தச் சிலிண்டரும் வாசலைத் தாண்டாது. ஒவ்வொன்றுக்கும் உன் அப்பா பக்கத்தில் நின்று என்ன மணக்குது என்று கேட்பார், நான் ஒண்ணுமே மணக்கலங்க என்பேன், பரீட்சையில் பாஸான மாதிரி முகம் மலரும். முந்தாநாள் முதல் கூட்டம் தண்ணீரிலிருந்து எழுந்து கைதட்டியபோது, ஈரத்தோடு ஓடிவந்து என் மூக்கைப் பிடித்து ஆட்டினார், அத்தனை பேர் முன்னால்! வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனாலும் நன்றாகத்தான் இருந்தது.

அந்த வெங்காயச் சிலிண்டர் என்ன ஆயிற்று என்று கேட்பாய். நான் திறந்து காலி பண்ணப் போனேன், உன் அப்பா ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார். வாய் வைக்கிற பாகத்தையே கழற்றி எடுத்துவிட்டு, சிவப்பு டேப் சுற்றி, ‘மூச்சு விட அல்ல, மோந்து பார்க்க மட்டும்’ என்று பெரிதாக எழுதி, உன் அறையில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார். யாரையும் தொடவிடுவதில்லை. நீ போனில் சொன்னதை அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அதன் வாசனை அவருக்கே தெரியாது, நான் சொன்னாலும் உன் சமையலை நீயே மெச்சிக்கிறியா என்பார், அதனால் நீதான் வந்து திறந்து, எப்படி மணக்கிறது என்று அவருக்குச் சொல்ல வேண்டும்.

நீ இழுக்கிற ஒவ்வொரு மூச்சும் நல்ல மூச்சாக இருக்கட்டும், என் தங்கமே, நூறு வருஷம் நன்றாக இரு. லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு, கடைசி நேரம்வரை தள்ளிப்போடாதே.

இப்படிக்கு,
கடையின் மூக்காகிய
உன் அம்மா